கணையத்தில் அடிபட்டவர்களுக்கான தொடர் கவனிப்பு கிளினிக்: நாலு வருஷம் போய்வந்த பிறகு எழுதும் ரிவ்யூ

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கிளினிக்கின் பெயரை எழுதவில்லை. பெரிய ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் கணையப் பிரிவுக்குள்ளேயே இப்படி ஒரு கிளினிக் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ நடக்கும். எந்த ஊரில் இருந்தாலும் அப்படி ஓர் இடத்தில் என்ன எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் படிப்பவருக்கு உதவும். கணையத்தில் அடிபட்டு, ஆபரேஷனோ ஆபரேஷன் இல்லாமலோ பிழைத்து, "இப்போ எல்லாம் நார்மல்" என்ற சீட்டோடு வீட்டுக்கு வந்தவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கும் அப்படி ஒரு சீட்டு கொடுத்தார்கள், மூன்று வருஷம் அதை நம்பிக்கொண்டு இருந்தேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கிளினிக்கில் என்ன செய்தார்கள் என்பது புரியாது. ஏழு வருஷத்துக்கு முன் பைக்கில் இருந்து விழுந்தபோது ஹேண்டில்பாரின் முனை தொப்புளுக்கு மேலே, நெஞ்சுக்குழிக்குக் கொஞ்சம் கீழே குத்தியது. வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். கணையம் வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்பின் மேல் குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு. முன்னாலிருந்து பலமாக ஒரு குத்து விழுந்தால் அது எலும்புக்கும் குத்திய பொருளுக்கும் நடுவில் மாட்டி நசுங்கும். ஸ்டியரிங்கில் மோதினாலும், சீட் பெல்ட் இறுக்கினாலும், குழந்தைகள் சைக்கிள் ஹேண்டில் மேல் விழுந்தாலும் இதே கதைதான். விழுந்த இரண்டு மணி நேரத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கணையம் சுரக்கும் லைபேஸ் என்ற என்சைம் நார்மல், சி.டி. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடிபட்ட முதல் சில மணி நேரத்தில் இந்த அளவுகள் ஏறாமலே இருக்கலாம், ஸ்கேனும் கிழிசலைத் தவறவிடலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மறுநாள் முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும் வலி, நிற்காத வாந்தி. திரும்ப எடுத்த ஸ்கேனில் கணையம் நடுவில் வெட்டுப்பட்டு, கணைய நீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் நாளமும் அறுந்திருந்தது. காயத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை கிரேடு போடுவார்கள், என்னுடையது மூன்று. கணையத்தின் வால் பக்கத்தை, அதாவது இடது முனையை, எடுத்துவிட்டார்கள், அதோடு ஒட்டியிருந்த மண்ணீரலும் போனது. தைத்த முனையிலிருந்து கணைய நீர் கசிந்துகொண்டே இருந்ததால் வயிற்றில் வைத்த ட்ரெயின் குழாயோடு ஐந்து வாரம் இருந்தேன்.

உயிரைக் காப்பாற்றிய சர்ஜன்களைப் பற்றி எனக்கு ஒரு சொல் குறை கிடையாது. குறை அதற்குப் பிறகு நடந்ததில்தான். குழாயை எடுத்து, தையல் ஆறியதைப் பார்த்து, ஒரு மாதம் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்து, "இனிமேல் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சுகர் வரலாம் என்றும் சொல்லவில்லை, கொழுப்பு செரிக்காமல் போகலாம் என்றும் சொல்லவில்லை. மண்ணீரல் இல்லாதவன் காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைக்கூட யாரும் சொல்லவில்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. மூன்று வருஷத்தில் 68 கிலோவிலிருந்து 57க்கு வந்தேன். ஒரே நாளில் இறங்கியிருந்தால் பயந்திருப்பேன், மாதத்துக்கு முந்நூறு கிராம் கரைந்தால் யாருக்குத் தெரியும்? பேன்ட் தளர்ந்தது, பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன், "ஆபரேஷன் பண்ணின உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் எல்லாரும் சமாதானம் ஆனோம். எண்ணெயைக் குறைத்தால் வயிறு உப்புசம் அடங்கியதால் மேலும் மேலும் குறைத்தேன், அதனால் இன்னும் இளைத்தேன். வேறு எதற்கோ பார்க்கப் போன ஒரு டாக்டர் வயிற்றுத் தழும்பைப் பார்த்து, "இதுக்கு யார்கிட்ட ஃபாலோ அப்?" என்று கேட்டு, பதில் இல்லாததைப் பார்த்து, அப்போதே கடிதம் எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் இந்தக் கிளினிக்குக்கு வந்தேன்.

முதல் நாள் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் ஒரு சிஸ்டரிடம் அனுப்பினார்கள். கணையத்துக்கென்றே பயிற்சி எடுத்த நர்ஸ் அவர். ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, "வாங்க, உட்காருங்க. டாய்லெட் போனா தண்ணி ஊத்தினதும் போயிடுதா, இல்ல மிதந்துகிட்டே நிக்குதா?" என்று கேட்டார். இவ்வளவு நேராக யாரும் என்னிடம் கேட்டதில்லை. மிதக்கிறது, இரண்டு மூன்று முறை ஃப்ளஷ் பண்ண வேண்டியிருக்கிறது, பளபளவென்று எண்ணெய்ப் படலம் மாதிரி தெரிகிறது, நாற்றமும் முன்பு மாதிரி இல்லை என்று சொன்னேன். எத்தனை நாளாக என்றார். யோசித்துப் பார்த்தால் இரண்டு வருஷம். இதை நான் என் மனைவியிடம்கூட சொன்னதில்லை, இது ஒரு வியாதியின் அடையாளம் என்று தெரிந்தால்தானே சொல்வதற்கு. அப்புறம் கேட்டார், ராத்திரி தாகம் எடுக்கிறதா, எத்தனை முறை எழுந்து போகிறீர்கள், இருட்டில் கண் தடுமாறுகிறதா, முதுகு வலிக்கிறதா, அடிபட்டால் சட்டென்று கன்றிப்போகிறதா. ஏன் இத்தனை கேள்வி என்று நான் கேட்டதற்கு, கொழுப்பு உடம்பில் சேராவிட்டால் அதில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் சேராது, கண்ணும் எலும்பும் ரத்தம் உறைவதும் அதை வைத்துத்தான் என்று பொறுமையாகச் சொன்னார். அந்த இருபது நிமிஷத்துக்காகவே இரண்டு நட்சத்திரம் கொடுக்கலாம்.

அன்றைக்கு எழுதிக் கொடுத்த பரிசோதனைகளையும் சொல்கிறேன், உங்கள் டாக்டரிடம் கேட்க உதவும். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற என்சைமின் அளவு. ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் கணையத்தின் செரிமான வேலை குறைந்திருக்கிறது என்று அர்த்தம், 100க்குக் கீழே என்றால் நன்றாகவே குறைந்துவிட்டது. எனக்கு 84. மலம் தண்ணீராகப் போகும் நாளில் கொடுத்தால் அளவு பொய்யாகக் குறைத்துக் காட்டும், அதனால் கொஞ்சம் கெட்டியாக இருக்கும் நாளில் கொண்டு வரச் சொன்னார்கள். இதை எத்தனை லேபில் சொல்வார்கள்? அதோடு வெறும் வயிற்றுச் சுகர், HbA1c என்பதைத் தமிழில் மூன்று மாதச் சுகர் என்போமே அது, வைட்டமின் அளவுகள், எலும்பின் அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன், கணைய நாளத்தைப் பார்க்க எம்.ஆர்.சி.பி. என்ற ஸ்கேன். மிச்சமிருந்த தலைப்பகுதியும் கொஞ்சம் சுருங்கியிருந்தது அதில் தெரிந்தது. ஆரோக்கியமான கணையத்துக்குக் கையிருப்பு நிறைய உண்டு. கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் சுரப்பு பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும்போதுதான் எண்ணெய் மாதிரி மலம் போகத் தொடங்கும் என்பார்கள். அடிபட்டு எத்தனையோ காலம் கழித்து, எல்லாம் மறந்துபோன பிறகு, இது வெளியே தெரிவதற்கு இதுதான் காரணம். பாதி போனாலும் மீதி சமாளித்துக்கொண்டிருக்கும், அந்த மீதியும் களைத்தால்தான் நமக்குத் தெரியவரும்.

இப்போது மருந்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கிளினிக் எனக்குச் செய்த மிகப் பெரிய நல்லது என்சைம் கேப்சூலை ஒழுங்காகச் சாப்பிடக் கற்றுக்கொடுத்ததுதான். எழுதிக் கொடுப்பது எளிது. மருந்துக் கடையில் உறையின் மேல் "சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதித் தந்தார்கள், நானும் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, அப்புறம் போட்டேன். ஒரு மாதத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அடுத்த விசிட்டில் சிஸ்டர், "எப்போ போடறீங்க, காட்டுங்க பாப்போம்" என்றார். நான் சொன்னதைக் கேட்டு மேஜையில் இருந்த ஒரு காலி டம்ளரை எடுத்து வைத்து, அதில் சீட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, "இது சாப்பாடு. முழுசா நிறைஞ்ச பிறகு மேல ஒரு கேப்சூல் போட்டா அடியில இருக்கறதோட எப்படிக் கலக்கும்? முதல் வாய் வைக்கும்போதே ஒண்ணு, பாதியில ஒண்ணு" என்றார். அவ்வளவுதான் விஷயம். சோறு கூடவே என்சைமும் குடலுக்குப் போக வேண்டும். முன்னாலேயே வெறும் வயிற்றில் போட்டால் சாப்பாடு வருவதற்குள் அது தாண்டிப் போய்விடும், எல்லாம் முடிந்து போட்டால் பின்தங்கிவிடும். அன்றிலிருந்து ஒரு வாரத்துக்குள் இரண்டாவது ஃப்ளஷ் தேவைப்படவில்லை. இதை எழுதக் கூச்சமாக இல்லை, இரண்டு வருஷம் பட்டவனுக்குத்தான் அதன் நிம்மதி தெரியும்.

கேப்சூலுக்குள் இருப்பது குட்டிக் குட்டி உருண்டைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூச்சு உண்டு, வயிற்றின் அமிலத்தில் லைபேஸ் செத்துப்போகாமல் அது காப்பாற்றி, சிறுகுடலில் போய்க் கரையும். அதனால் கடிக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது. விழுங்க முடியாதவர்கள் கேப்சூலைத் திறந்து கொஞ்சம் புளிப்பான மெத்தென்ற எதிலாவது தூவி, மெல்லாமல் உடனே விழுங்கிவிட வேண்டும். வாயிலேயே தங்கினால் வாய்ப்புண் வரும். வெயிலில் நின்ற காருக்குள் டப்பாவை விட்டால் வீரியம் போய்விடும். அளவை லைபேஸ் யூனிட்டில் சொல்வார்கள். பெரியவர்களுக்கு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட், சிறு தீனிக்கு அதில் பாதி என்று தொடங்குவது வழக்கம், பிறகு ஆளைப் பார்த்துக் கூட்டுவார்கள். எனக்கு 75,000த்தில்தான் நின்றது. அளவைக் கூட்டியும் பலன் போதாதவர்களுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். இன்னொன்று, இந்த மருந்து பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. அதில் மனத்தடை உள்ளவர்கள் இருப்பார்கள், கிளினிக்கில் அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லி, யோசிக்க நேரம் கொடுத்தார்கள். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

டயட்டீஷியன் செய்த காரியமும் சின்னது இல்லை. எண்ணெயைக் குறைக்கச் சொல்வார் என்று தயாராகப் போனேன். அவர் என் மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்பைப் படித்துவிட்டு, "நீங்க பட்டினி கிடக்கறீங்க" என்றார். கொழுப்பைக் குறைப்பது பழைய யோசனை, என்சைம் போட்டுக்கொண்டு சாதாரணமாகச் சாப்பிட வேண்டும், கொழுப்புக்கு ஏற்ற மாதிரி கேப்சூலைக் கூட்ட வேண்டுமே தவிர கேப்சூலுக்கு ஏற்ற மாதிரி சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது என்று புரியவைத்தார். ஆறு மாதத்தில் நாலு கிலோ ஏறினேன். சிகரெட்டையும் மதுவையும் பற்றி அவரும் டாக்டரும் ஒரே குரலில்தான் பேசினார்கள், மிச்சமிருக்கும் கணையத்துக்கு இரண்டுமே எதிரி, கொஞ்சம் நிறைய என்ற பேச்சே இல்லை.

அப்புறம் சுகர். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளை 1869ல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர் தன் ஆய்வேட்டில் எழுதினார், அது எதற்கு என்று அப்போது அவருக்கே தெரியாது. அந்தத் திட்டுகள் வால் பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கும். எனக்கு எடுத்ததும் வால்தான். அடிபடுவதற்கு முன் கணையம் நன்றாக இருந்தவர்களுக்கு, பாதி எடுத்தாலும் பலருக்குச் சுகர் வருவதில்லை. எண்பது தொண்ணூறு சதவீதம் எடுத்தால் பெரும்பாலும் வரும். நடுவில் இருப்பவர்களுக்கு வயசு, எடை, குடும்பத்தில் சுகர் இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்து முடிவு செய்யும். உடனே வராமல் வருஷங்கள் கழித்தும் வரும். இப்படி வருவதை டைப் 3சி என்கிறார்கள். நான் இந்தக் கிளினிக்குக்கு வருவதற்கு முன்னால் ஓர் இடத்தில் என் சுகரை டைப் 2 என்று எழுதி, எடையைக் குறைக்கச் சொன்னார்கள், 57 கிலோவில் இருந்தவனை! இங்கே முதல் கேள்வியே எந்த வகை என்பதுதான்.

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள், நடைமுறையில் இது உயிரைத் தொடும் விஷயம். அந்தத் திட்டுகளில் இன்சுலின் மட்டும் சுரப்பதில்லை, சுகர் இறங்கும்போது தூக்கிவிடும் குளுக்ககானும் அங்கேதான் சுரக்கிறது. இரண்டும் சேர்ந்து குறைந்தால் சுகர் ஏறவும் ஏறும், இறங்கினால் தானாக மீளவும் சிரமப்படும். மாத்திரையில் தொடங்கி, ஒரு வருஷத்தில் எனக்கு இன்சுலின் வந்தது. ஒரு நாள் வெளியே போய்ச் சாப்பிட்டேன், என்சைம் டப்பாவை எடுத்துப் போக மறந்துவிட்டேன், இன்சுலினை மட்டும் வழக்கமான அளவு போட்டுக்கொண்டேன். ராத்திரி இரண்டே முக்காலுக்குக் கையில் ஒட்டியிருந்த, சுகர் அளவு பார்க்கும் சென்சார் கத்தியிருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. மனைவி எழுப்பியபோது தலையணை நனைந்திருந்தது. "எந்திரிங்க, என்ன இப்படி வேர்க்குது?" என்று அவள் கேட்பது தூரத்தில் கேட்கிறது, பதில் சொல்ல நாக்கு வரவில்லை. அளவு 51. குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, கால் மணி கழித்துப் பார்த்து, திரும்பக் குடித்து, விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். மறுநாள் சிஸ்டரிடம் சொன்னதும் உடனே பிடித்துவிட்டார்: சாப்பிட்டது செரித்து ரத்தத்தில் சேரவில்லை, ஆனால் போட்ட இன்சுலின் தன் வேலையைச் செய்துவிட்டது. என்சைம் இல்லாத சாப்பாட்டுக்கு முழு இன்சுலின் போடக் கூடாது, என்சைமைக் கூட்டும்போது சுகரும் கூடலாம் என்று எதிர்பார்க்க வேண்டும், இரண்டையும் ஒரே குறிப்பேட்டில் எழுதுங்கள் என்றார். சுகர் டாக்டர் ஒருவர், செரிமான டாக்டர் ஒருவர் என்று தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்தால் இந்த முடிச்சை யார் அவிழ்த்திருப்பார்கள்?

மூன்று மாதச் சுகரைப் பற்றியும் ஒன்று இங்கே கற்றேன். விரலில் குத்திப் பார்க்கும் அளவுகளுக்கும் அந்த HbA1c எண்ணுக்கும் எனக்குப் பொருந்தவே இல்லை, அது எப்போதும் கூடுதலாகவே காட்டியது. மண்ணீரல்தான் கிழடு தட்டிய சிவப்பணுக்களை அகற்றும் இடம். அது இல்லாவிட்டால் சில அணுக்கள் கூடுதல் நாள் சுற்றி, கூடுதல் சர்க்கரையை ஒட்டிக்கொள்ளும், எண் ஏறித் தெரியலாம். விபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் முதல் சில மாதங்கள் அந்த எண்ணை எந்தப் பக்கமும் நம்ப முடியாது. அதனால் எனக்குச் சென்சார் அளவை வைத்துத்தான் மருந்தை மாற்றுகிறார்கள். கண் பரிசோதனை, சிறுநீரில் புரதம், பாதம் இதெல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை, மற்ற சுகர்காரர்களுக்குப் போலத்தான்.

மண்ணீரல் விஷயத்தில் இந்தக் கிளினிக் என்னைத் திடுக்கிட வைத்தது. தடுப்பூசிக் கார்டு எங்கே என்று கேட்டார்கள். என்ன கார்டு? மண்ணீரலை அவசரமாக எடுத்தவர்களுக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் வாக்கில் நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் கிருமிகளுக்கு எதிரான ஊசிகள் போட வேண்டும், ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி, சிலவற்றுக்குச் சில வருஷத்துக்கு ஒரு முறை பூஸ்டர். எனக்கு ஒன்றுகூடப் போடாமல் மூன்று வருஷம் ஓடியிருந்தது. முதல் இரண்டு மூன்று வருஷம்தான் ஆபத்து அதிகம், ஆனால் அது ஆயுசுக்கும் முழுதாகப் போவதில்லை. அன்றே தொடங்கினார்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போக வேண்டும், நாய் கடித்தால் சின்னக் கீறலானாலும் காட்ட வேண்டும், மலேரியா உள்ள இடங்களுக்குப் போவதற்கு முன் கேட்க வேண்டும். பர்ஸில் வைத்துக்கொள்ள "மண்ணீரல் இல்லை" என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி குளிர் நடுங்கி 39 வந்தபோது அந்த அட்டையை நீட்டினேன், வரிசையில் நிற்க வைக்காமல் பத்து நிமிஷத்தில் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். அந்தச் சின்ன அட்டை இல்லாவிட்டால் அந்த ராத்திரி எப்படிப் போயிருக்குமோ தெரியாது.

ஆபரேஷன் செய்யாதவர்களுக்கும் இது தேவை. காத்திருக்கும் அறையில் இருபது வயசுத் தம்பி ஒருவனைச் சந்தித்தேன். ஃபுட்பாலில் முழங்கால் வயிற்றில் பட்டது, கிரேடு குறைவு என்று கத்தி வைக்காமலேயே சரி பண்ணி அனுப்பியிருக்கிறார்கள். ஆறு வாரம் கழித்து, "அண்ணா, ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சிடுது" என்ற நிலை. கசிந்த நீர் தேங்கி, அதைச் சுற்றிச் சுவர் கட்டி, வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தது. போலிக் கட்டி என்பார்கள். எண்டோஸ்கோபி வழியாக இரைப்பையிலிருந்தே ஒரு துளை போட்டு வடித்துவிட்டார்கள், வயிற்றில் ஒரு தழும்புகூட இல்லை. அவனுக்கு இப்போது வருஷத்துக்கு ஒரு முறை வந்தால் போதும். நாளம் ஆறும்போது சுருங்கினால் பின்னாளில் திரும்பத் திரும்பக் கணைய அழற்சி வரலாம் என்பதால் அதை மட்டும் பார்க்கிறார்கள். எல்லாருக்கும் என்னைப் போல் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். நாளம் அறுபடாத சின்னக் காயங்கள் பெரும்பாலும் சுவடில்லாமல் ஆறிவிடும், குழந்தைகளும் பொதுவாக நன்றாகத் தேறுகிறார்கள்.

எலும்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெக்ஸாவில் அடர்த்தி குறைந்திருந்தது, வைட்டமின் டி கொடுத்தார்கள், இரண்டு வருஷம் கழித்துப் பார்த்ததில் மேலும் இறங்கவில்லை.

இனிக் குறைத்த அந்த ஒரு நட்சத்திரம். மனசைப் பற்றி இங்கே யாரும் கேட்பதில்லை. நான்கு வருஷத்தில் ஒரு முறைகூட இல்லை. பைக் சத்தம் பின்னால் கேட்டால் இன்றைக்கும் என் கை வயிற்றை மூடிக்கொள்கிறது, முதல் இரண்டு வருஷம் ராத்திரித் தூக்கம் ஒழுங்காக இல்லை, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் உடம்பு துணி மாதிரித் துவண்டுவிடும். மலத்தைப் பற்றி அவ்வளவு நேராகக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு இதைக் கேட்கத் தெரியாதா? சிஸ்டரிடம் நானாகச் சொன்னபோது அக்கறையாகக் கேட்டார், ஆனால் அனுப்பிவைக்க அவர்களிடம் ஆள் இல்லை. கவுன்சிலிங் தெரிந்த ஒருவரை வாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தால்கூடப் போதும். அடுத்தது, பதினாறு வயசுக்குக் குறைந்தவர்களை இங்கே எடுப்பதில்லை. சைக்கிள் ஹேண்டில் குத்தி வருபவர்களில் குழந்தைகள்தானே அதிகம், அவர்கள் பெரியவர்களான பிறகு யாரிடம் போவது என்று தெரியாமல் நடுவில் தொலைந்துபோகிறார்கள். போன் நம்பர் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், சிஸ்டர் லீவில் போனால் அதை எடுக்க ஆள் கிடையாது. காத்திருப்பதும் உண்டு, இரண்டு மணி நேரம் சாதாரணம். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை, உள்ளே போனால் என்னையும் அவசரப்படுத்துவதில்லை என்பதால்.

போகிறவர்கள் ஆபரேஷன் குறிப்பின் நகலை அவசியம் எடுத்துப் போங்கள், டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் போதாது. எவ்வளவு கணையம் எடுத்தார்கள், எந்த இடத்தில் வெட்டினார்கள், மண்ணீரலின் ரத்த நாளத்தைக் கட்டினார்களா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். மண்ணீரலைக் காப்பாற்றி அதன் நாளத்தைக் கட்டியவர்களுக்குப் பிற்காலத்தில் இரைப்பையைச் சுற்றி ரத்தக் குழாய்கள் புடைக்கலாம் என்று அதைத் தனியாகப் பார்ப்பார்கள். எனக்கு அந்தக் குறிப்பைப் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து வாங்க நாலு முறை நடக்க வேண்டியிருந்தது.

அடுத்த விசிட் வரும் மாதம். எடை 64ல் வந்து ஒரு வருஷமாக அங்கேயே நிற்கிறது, பழைய 68க்கு வரவில்லை. கேப்சூலை இன்னும் கூட்டலாமா, இல்லை இதுதான் இனி என் எடையா என்று கேட்க வேண்டும். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.